தலை பெரிது, சூட்சுமம் கழுத்தில்

ராட்சத டிஷ் ஆன்டெனாவைச் செய்துவிடலாம். அதைத் திருப்புவதற்கும் நிறுத்துவதற்கும் எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் தலைவலி ஆரம்பமாகிறது.

சித்தூர் மாவட்டத்துக் கார்வேட்டிநகரத்தை நடுவில் வைத்து 100 கி.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால், வானத்தைப் பார்க்கும் ஆன்டெனாக்களில் மூன்று ரகங்கள் அதற்குள் அடங்கிவிடும். மேற்கே சுமார் 30 கி.மீ. தொலைவில் காதங்கி. அங்குள்ள எம்.எஸ்.டி. ரேடாரில் 130 மீட்டர் சதுர மைதானத்தில் 1,024 யாகி ஆன்டெனாக்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒன்றுகூட நகராது. கிழக்கே, கடலோரத்தில் ஸ்ரீஹரிகோட்டா. அங்குள்ள ரேடார் டிஷ்கள் கிளம்பிய ராக்கெட்டைத் துரத்தி விடுவிடுவென்று திரும்ப வேண்டியவை. மூன்றாவது ரகம், 1990களில் இந்தப் பக்கத்துச் சிற்றூர்களின் மொட்டை மாடிகளில் குடை கவிழ்த்தாற்போல் முளைத்த 8 அடி, 12 அடி டிஷ்கள்.

இந்த மூன்றாவது ரகத்தைத் திருப்புவது அற்ப விஷயம் என்று தோன்றும். அப்படி இல்லை.

கேபிள் ஆபரேட்டர்களுக்கு இந்தப் பிரச்னையே வந்ததில்லை. எல்லாச் சேனல்களும் ஒரே நேரத்தில் வேண்டும் என்பதால், ஒரு செயற்கைக் கோளுக்கு ஒரு டிஷ் என்று நிரந்தரமாக நட்டு, நட்டுகளை முறுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். மோட்டாரைத் தேடியவர்கள் வேறு கூட்டம்: ஒரே டிஷ்ஷை வைத்துக்கொண்டு வானத்தில் உள்ள எல்லாச் செயற்கைக் கோள்களையும் எட்டிப் பார்க்க ஆசைப்பட்ட ரசிகர்கள். வீட்டுக்கு வீடு டி.டி.எச். வந்து பெரிய டிஷ்கள் பழைய இரும்பாகிப் போன பிறகும் இந்தக் கூட்டம் கலையவில்லை. சொல்லப்போனால், பெரிய டிஷ் சல்லிசாகக் கிடைப்பது அவர்களுக்கு வசதியாகத்தான் போயிற்று.

அவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது மோட்டாரை அல்ல, அச்சை. கார்வேட்டிநகரம் இருப்பது வட அட்சரேகை 13.4 டிகிரியில். பூமத்திய ரேகைக்கு மேலே, 36,000 கி.மீ. உயரத்தில் உள்ள செயற்கைக் கோள்களின் வளையம் இந்த ஊருக்கு ஏறக்குறைய உச்சந்தலையில் தெரிகிறது. நேர் தெற்கில் உள்ள கோள் அடிவானத்திலிருந்து 74 டிகிரி உயரத்தில் இருக்கும். இதில் ஒரு வினோதம் உண்டு. ஆசியாசாட் வரிசைக் கோள்களின் இடமான கிழக்கு 105.5 டிகிரியிலிருந்து, 1995இல் பான்ஆம்சாட்-4 ஏவப்பட்ட 68.5 டிகிரிக்கு டிஷ்ஷைத் திருப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடைவெளி 37 டிகிரிதான். ஆனால் பீரங்கியைப் போலக் கிடையாகச் சுழன்று, மேலும் கீழுமாக நிமிரும் ஏற்பாட்டில் டிஷ் 104 டிகிரி சுற்ற வேண்டும். கூடவே 56லிருந்து 70 டிகிரிக்கு நிமிரவும் வேண்டும். தலைக்கு மேலே போகப் போக, சிறு நகர்வுக்கும் பெரிய சுற்று தேவைப்படுகிறது. இரண்டு மோட்டார், இரண்டு கட்டுப்பாடு, இரண்டு மடங்கு செலவு.

இதே டிஷ்ஷைப் பூமியின் அச்சுக்கு இணையான ஓர் அச்சில் பொருத்தினால் கதை மாறுகிறது. போலார் மவுண்ட் என்பது இதுதான். டிஷ் அச்சுக்குச் செங்குத்தாக இல்லாமல் சுமார் 2.3 டிகிரி தெற்கே சாய்ந்திருக்க வேண்டும், அவ்வளவே. அப்போது மேற்சொன்ன பயணம் ஒரே அச்சில் 43 டிகிரி நகர்வோடு முடிந்துவிடுகிறது. ஒரு மோட்டார் போதும். 36 வோல்ட்டில் ஓடி, நீண்டு சுருங்கும் ஆக்சுவேட்டர் கை ஒன்றே வேலையை முடித்துவிடும்.

தென்னிந்தியாவிலேயே இந்தத் தந்திரத்துக்கு ஒரு பிரமாண்டமான முன்னோடி உண்டு. ஊட்டி அருகே முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டப்பட்டு 1970இல் செயல்படத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கி அது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். இவ்வளவு பெரிய உருளையைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து நிறுத்த எத்தனை கோபுரம் எழுப்புவது? ஸ்வரூப் கோபுரத்தைத் தேடவில்லை, மலையைத் தேடினார். அட்சரேகைக்குச் சமமாகச் சுமார் 11 டிகிரி சரிவுள்ள மலைச்சரிவு கிடைத்தது. உருளையைச் சரிவின் மேலேயே படுக்கவைத்து, கிழக்கு மேற்காக மட்டும் திருப்பினால் ஒரு நட்சத்திரத்தை ஒன்பதரை மணி நேரம் பின்தொடரலாம். வடக்கு தெற்குத் திசை மாற்றத்துக்கு மோட்டாரே கிடையாது. 1,056 டைபோல்களின் சிக்னல்களை ஒன்றுக்கொன்று சற்றே முன்பின்னாகத் தள்ளிச் சேர்ப்பதன் மூலம் பார்வை திரும்புகிறது. காதங்கியின் அசையாத மைதானத்தில் எல்லாத் திசைக்கும் நடப்பது இதே வித்தைதான்.

மொட்டை மாடிக்குத் திரும்பினால், போலார் மவுண்டிலும் இந்தப் பகுதிக்கென்று ஒரு சிக்கல் காத்திருக்கிறது. லண்டனில் அந்த அச்சு தரையிலிருந்து 51 டிகிரி சாய்ந்து நிற்கும். கார்வேட்டிநகரத்தில் 13 டிகிரிதான். கிட்டத்தட்ட படுத்தே கிடக்கும். அதனால் டிஷ் நடுவிலிருந்து கிழக்கே சாயும்போது அதன் எடை ஏறக்குறைய முழுதும் ஆக்சுவேட்டர் கையின் மேல் விழுகிறது. லண்டனில் விழுவதைப் போல ஒன்றரை மடங்கு. வெளிநாட்டு அட்டவணையில் “12 அடி டிஷ்ஷுக்கு இது போதும்” என்று போட்டிருந்தால் அதை அப்படியே நம்பி வாங்கக் கூடாது. அடுத்த பெரிய அளவை வாங்குவது, அல்லது டிஷ்ஷின் பின்பக்கம் எடை கட்டிச் சமன் செய்வது நல்லது.

எடையைவிடப் பெரிய எதிரி காற்று. 12 அடி டிஷ்ஷின் பரப்பு பத்தரை சதுர மீட்டர். மணிக்கு 50 கி.மீ. காற்று நேராக மோதினால் சுமார் 170 கிலோ விசை. காற்று 100 கி.மீ. ஆனால் விசை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு; 700 கிலோவை நெருங்கும். ஐப்பசி கார்த்திகையில் வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகும் பிரதேசத்தில் இது ஏட்டுக் கணக்கு அல்ல. துளையில்லாத தகட்டைவிட வலைக்கண் டிஷ்ஷைப் பலர் விரும்பியதற்கு விலை மட்டுமே காரணமில்லை.

பெரிய டிஷ்களின் சரித்திரத்திலும் காற்றுதான் வில்லன். இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்கில் 1957இல் எழுந்த 76 மீட்டர் தொலைநோக்கியை நிமிர்த்தச் சரியான பல்சக்கரம் தேடியபோது, கழித்துக் கட்டப்பட்ட இரண்டு போர்க் கப்பல்கள் கைகொடுத்தன. ‘ராயல் சாவரின்’, ‘ரிவெஞ்ச்’ கப்பல்களின் 15 அங்குலப் பீரங்கி மேடைகளின் பற்சட்டங்கள் சல்லிசான விலைக்கு வாங்கப்பட்டு, டிஷ்ஷின் இருபுறமும் பொருத்தப்பட்டன. கடல் கொந்தளிப்பில் பீரங்கியைத் தாங்கியவை ஆயிற்றே. அப்படியும் 1976 ஜனவரிப் புயலில் அந்தத் தொலைநோக்கி மயிரிழையில் தப்பியது. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸில் 1969 ஜூலை 21 அன்று, நிலவில் மனிதன் காலடி வைக்கும் காட்சிக்காகச் சாய்ந்து காத்திருந்த 64 மீட்டர் டிஷ்ஷின் மீது மணிக்கு 110 கி.மீ. காற்று அறைந்தது.

இந்தியா இதற்குக் கண்ட விடை புனேக்கு வடக்கே, நாராயண்காவ் அருகே உள்ளது. அதே ஸ்வரூப் 1990களில் அங்கே தலா 45 மீட்டர் விட்டமுள்ள 30 டிஷ்களை நிறுத்தினார். தகடு கிடையாது, எஃகுக் கயிறுகளை இழுத்துக் கட்டி, அதன் மேல் மெல்லிய எவர்சில்வர் கம்பி வலை. காற்று ஊடே போய்விடுகிறது. ஆகவே 82 டன் டிஷ்ஷும் 34 டன் சமன் எடையும் கொண்ட பூதத்தை ஆட்டிவைக்க, ஓர் அச்சுக்கு இரண்டு ஆறு குதிரைத் திறன் மோட்டார்கள் போதுமானவையாக இருந்தன. கிராமத்துக் கிணற்று பம்புசெட் அளவுதான்.

ஏன் இரண்டு? எந்தப் பல்சக்கரத்திலும் பற்களுக்கிடையே சிறிது இடைவெளி இருக்கும். மெக்கானிக்குகள் ‘பிளே’ என்பார்கள். காற்று டிஷ்ஷை முன்னும் பின்னும் உலுக்கும்போது அந்த இடைவெளி அளவுக்கு டிஷ் தத்தளிக்கும். இரண்டு மோட்டார்களும் லேசாக எதிரெதிராக இழுத்துக்கொண்டே இருந்தால் பற்கள் எப்போதும் ஒரு பக்கமாக அழுந்தி நிற்கும்; தத்தளிப்பு போய்விடும். மாட்டு வண்டியை இரண்டு மாடுகள் எதிர்த் திசையில் இழுத்தால் வண்டி அசையாது. இங்கே அதுதான் நோக்கம்.

வேகத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. அந்த டிஷ் ஒரு நிமிடத்தில் 30 டிகிரி கிடையாகச் சுற்றக் கூடியது. ஆனால் நட்சத்திரத்தைப் பின்தொடரும்போது நிமிடத்துக்குக் கால் டிகிரி அளவில்தான் ஊர வேண்டும். நூற்றிருபதில் ஒரு பங்கு வேகத்தில், விட்டு விட்டுக் குதிக்காமல். மோட்டாரின் அதிகபட்ச வேகத்தைப் பார்த்து வாங்குபவர்கள் சறுக்குவது இங்கேதான். மெதுவாக, சீராக ஓடுமா என்பதுதான் கேள்வி.

பெங்களூர் அருகே பயலாலுவில், சந்திரயான்-1 கிளம்பிய 2008ஆம் ஆண்டில் 32 மீட்டர் டிஷ் தயாரானபோது இந்தப் பரீட்சை இன்னும் கடுமையானது. உள்நாட்டிலேயே உருவான இதன் கட்டுப்பாட்டுக் கருவிகள் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கைவேலை. 8.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இதன் பார்வை அகலம் டிகிரியில் நூறில் எட்டுப் பங்கு. வானத்தில் முழுநிலவின் அகலம் அரை டிகிரி. நிலவின் ஆறில் ஒரு பங்குக்குள் குறி நிற்காவிட்டால், கோடிக் கணக்கான கி.மீ. தள்ளியிருந்து மங்கள்யான் பேசியதும் காற்றோடு போயிருக்கும்.

மாடி வீட்டுக்காரருக்கு அத்தனை கறார் தேவையில்லை. 12 அடி டிஷ்ஷின் பார்வை சி-பேண்டில் சுமார் ஒன்றரை டிகிரி. அரை டிகிரிவரை மன்னிக்கும். அந்த அரை டிகிரியையும் கெடுப்பது பெரும்பாலும் மோட்டார் அல்ல, அதன் நகர்வை எண்ணும் சிறு ரீட் சுவிட்ச்தான். அது ஒவ்வொரு துடிப்பாக எண்ணி, டிஷ் எங்கே இருக்கிறது என்று பெட்டிக்குச் சொல்கிறது. மோட்டார் ஒயரோடு ஒட்டியே எண்ணிக்கை ஒயரையும் இழுத்தால் பொய்த் துடிப்புகள் சேர்ந்து கணக்கு தப்பும். கவசம் உள்ள தனி ஒயர் வேண்டும். மழை நீர் வடியும் துளை கீழ்ப்பக்கம் இருக்கும்படி கையைப் பொருத்த வேண்டும். தலைகீழாக மாட்டி, ஒரே மழைக்காலத்தில் துருவேறிய கைகள் ஏராளம். இரு முனைகளிலும் லிமிட் சுவிட்ச் இல்லாத கையை இலவசமாகக் கொடுத்தாலும் தொடக் கூடாது.

பழைய டிஷ்ஷோ புதிய கையோ, காசை எண்ணிக் கொடுப்பதற்கு முன் செய்ய ஒரு சோதனை இருக்கிறது. எல்லாவற்றையும் பூட்டி, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, டிஷ்ஷின் விளிம்பைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். 12 அடி டிஷ்ஷில் விளிம்பு ஒன்றரை செ.மீ. ஆடினால் அரை டிகிரி அங்கேயே காலி.