மெரினாவுக்கு மணல் வந்த வழி

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஓடும் தடப்பள்ளி வாய்க்காலின் குறுக்கே ஒரு கட்டை விழுந்து கிடந்தால் என்ன ஆகும் என்று கோபிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேல்பக்கம் மணல் மேடு தட்டும்; கீழ்ப்பக்கம் கரை அரிக்கும். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்க, சென்னைத் துறைமுகத்தின் கதையும் இதேதான்.

அந்தக் காலத்தில் சென்னையில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போடும். ஆளையும் மூட்டையையும் மசூலா படகுதான் கொண்டுவரும். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தேங்காய் நாரால் தைத்த படகு அது. ஆணி அடித்த படகை அலை தூக்கித் தரையில் போட்டால் பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்துகொடுக்கும். எப்பேர்ப்பட்ட அறிவு!

நீராவிக் கப்பல் வந்ததும் அது போதவில்லை. காற்றை நம்பிய பாய்மரக் கப்பல் நாலு நாள் முன்னே பின்னே ஆனாலும் பொறுத்துக்கொள்ளும். நீராவிக் கப்பல் தேதி சொல்லி ஓடுவது, நின்றால் நஷ்டம். இரவில் கரையைக் காட்ட 1844 முதல் கல்தூண் கலங்கரை விளக்கம் இருந்தது. இன்றும் அது உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. வெளிச்சம் இருந்தது, ஒதுங்க இடம்தான் இல்லை.

1875இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். பொறியாளர் வில்லியம் பார்க்ஸ் போட்ட திட்டப்படி, கான்கிரீட் பாளங்களை அடுக்கிக் கடலுக்குள் இரண்டு கைகள் நீட்டி, கிழக்கே வாசல் விட்டார்கள். வேலை முடியும் முன்பே 1881 நவம்பர் புயல் அதை உடைத்துப் போட்டது. மறுபடியும் கட்டினார்கள்.

புயலை விடப் பெரிய சங்கடம் மணல். இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி அலை தெற்கிலிருந்து சாய்ந்து வந்து மோதும். மோதும்போது மணலைச் சாய்வாக ஏற்றும், திரும்பும்போது நேராக இறக்கும். ஒவ்வொரு அலைக்கும் மணல் கொஞ்சம் வடக்கே நகரும். வடகிழக்குப் பருவத்தில் திசை மாறினாலும், கூட்டிக்கழித்தால் போவது வடக்கேதான். அந்த வழியில் துறைமுகத்தின் தெற்குக் கை குறுக்கே நின்றது. தெற்கே மணல் சேர்ந்தது. மெரினா அத்தனை அகலமானது அதனால்தான். கிழக்கு வாசலையும் மணல் விடவில்லை. 1904இல் துறைமுகப் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்த வாசலை மூடி, வடகிழக்கில் புதிதாகத் திறந்தார்.

வடக்கே போக வேண்டிய மணல் போகாததால் ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. மீனவர் குடியிருப்புகளைக் காக்க அங்கே கருங்கல் கொட்ட வேண்டியதாயிற்று. அடுத்த முறை சென்னை போனால் மெரினாவோடு திரும்பிவிடாதீங்க. வடக்கே போய் அந்தக் கல்வரிசையையும் ஒருமுறை பாருங்க.