இளம் விண்மீனைச் சுற்றி நீராவி

கோள்கள் திரள்வதற்கு முன்பே அவற்றுக்கான நீர் அங்கே இருக்குமா? இளம் விண்மீன்களைச் சூழ்ந்துள்ள வாயுவிலிருந்து வரும் அகச்சிவப்பு ஒளி இந்தக் கேள்விக்குப் பதில் தருகிறது.

பிறக்கும் விண்மீனைச் சுற்றி வாயுவும் தூசியும் வட்டு போலப் பரவிச் சுழல்கின்றன. கோள்கள் உருவாவது இந்த வட்டில்தான். வெப்பத்தால் அங்குள்ள மூலக்கூறுகள் அதிர்கின்றன, சுழல்கின்றன. ஒரு மூலக்கூறு உயர்ந்த ஆற்றல் நிலையிலிருந்து தாழ்ந்த நிலைக்கு இறங்கும்போது, தனக்கே உரிய அலைநீளத்தில் ஒளியை உமிழும். கார்பன் டை ஆக்சைடு 15 மைக்ரோமீட்டரை ஒட்டியும், ஹைட்ரஜன் சயனைடு 14 மைக்ரோமீட்டரிலும், அசெட்டிலீன் 13.7 மைக்ரோமீட்டரிலும் ஒளிர்கின்றன. நீராவியின் கோடுகளோ அகச்சிவப்பில் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. வந்த ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் எந்த வாயு என்பது தெரியும். கோடுகளின் வலிமையை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் வாயுவின் வெப்பநிலையும் அளவும் தெரியவரும்.

தரையிலிருந்து இதைச் செய்வது கடினம். நம் காற்றிலுள்ள நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் அதே ஒளியை விழுங்கிவிடுகின்றன. அதனால்தான் விண்வெளித் தொலைநோக்கிகள் தேவைப்பட்டன. ஸ்பிட்சர் தொலைநோக்கி 2008-இல் ஏஏ டௌரி என்ற இளம் விண்மீனின் வட்டில் நீராவியைக் காட்டியது. 2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் இன்னும் நுட்பமாகப் பார்க்கிறது. அதன் மிரி கருவி தன் சொந்த வெப்பத்தால் ஒளிராமல் இருக்க, மைனஸ் 266 டிகிரி செல்சியசுக்கும் கீழே குளிர்விக்கப்படுகிறது.

பூமியிலிருந்து சுமார் 370 ஒளியாண்டு தொலைவிலுள்ள பிடிஎஸ் 70 என்ற விண்மீனை மிரி ஆராய்ந்தது. அதன் வயது ஏறத்தாழ 54 லட்சம் ஆண்டுகள். அதன் வட்டில் இரண்டு பெருங்கோள்கள் வளர்ந்துவருகின்றன. விண்மீனிலிருந்து சுமார் 16 கோடி கிலோமீட்டருக்குள், பாறைக்கோள்கள் உருவாகக்கூடிய பகுதியில், ஏறத்தாழ 330 டிகிரி செல்சியஸ் சூட்டில் நீராவி இருப்பது 2023-இல் வெளியானது. இந்த வயதுள்ள வட்டில், விண்மீனின் புறஊதாக் கதிர்கள் நீரைச் சிதைத்திருக்கும் என்பதே அதுவரை இருந்த எண்ணம்.

ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அங்கேயே சேர்ந்து நீராகியிருக்கலாம். வெளிவட்டிலிருந்து நகர்ந்துவந்த பனி படிந்த தூசித் துகள்களும் நீரைச் சுமந்து வந்திருக்கலாம். சுற்றியுள்ள தூசியும் நீர் மூலக்கூறுகளும் தடுப்பாக நின்று அதைக் காக்கக்கூடும்.

பூமியின் நீரைச் சிறுகோள்கள் பிற்காலத்தில் கொண்டுவந்தன என்ற கருத்து செல்வாக்குப் பெற்றது. கோளுக்கு நீர் கிடைக்க அது ஒன்றே வழியல்ல என்பதை பிடிஎஸ் 70 காட்டுகிறது. அதன் உள்வட்டில் இதுவரை எந்தக் கோளும் காணப்படவில்லை. அங்கே ஒன்று உருவானால், தொடக்கத்திலிருந்தே அதற்கு நீர் கிடைக்கும்.