தண்டவாளத்தில் வந்த பொருட்காட்சி

பொருட்காட்சி என்றால் நம்மவருக்கு இராட்டினமும் டில்லி அப்பளமும் வளையல் கடையுந்தான் நினைவுக்கு வரும். ஆனால் மக்களைத் தேடிப் புகைவண்டியிலேயே வந்த பொருட்காட்சி ஒன்று நம் நாட்டில் இருந்தது. இருப்புப்பாதை இலாகாவில் குமாஸ்தாவாக இருக்கும் நமக்கு அதன்மீது சற்று அதிகப் பற்றுண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

2007 அக்டோபரில் டில்லியில் புறப்பட்ட ‘சயன்ஸ் எக்ஸ்பிரஸ்’ என்னும் அவ்வண்டிக்கு 16 பெட்டிகள். 2015 முதல் 2017 வரை நடந்த இரு சுற்றுகளில் அது தட்பவெப்ப மாறுதலையே முதற்பொருளாகக் கொண்டது. பூமி ஏன் சூடேறுகிறது, அதனால் மழையும் கடலும் பயிரும் என்னாகின்றன, நாம் செய்யத்தக்கது யாது என்பனவெல்லாம் 8 பெட்டிகளில் படங்களாகவும் மாதிரிகளாகவும் வைக்கப்பட்டிருந்தன. சிறு குழந்தைகளுக்குத் தனியிடம் உண்டு. கட்டணம் கிடையாது. முதற் சுற்றில் 64 நிலையங்கள், அடுத்ததில் 68. 2017 செப்டம்பரில் காந்திநகரில் அப்பயணம் முடிவுற்றது.

அது முடிந்து மூன்று மாதம் நிறைவதற்குள் ஒக்கிப் புயல் குமரிக்கரையையும் திருவனந்தபுரக் கரையையும் தாக்கிற்று. 2018-இல் கேரளமெங்கும் வெள்ளம். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. மாண்டவர் 70 பேர். பெரும்பாலோர் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர். கயத்தாற்றுப் பக்கத்திலிருந்து சென்ற குடும்பங்கள் அவர்களுள் பல. 2024 ஜூலை 30-இல் வயநாட்டிலும் மலை சரிந்தது. பூமி சூடேறியதால் வயநாட்டு மழை ஏறத்தாழ 10 சதவீதம் கூடுதலாகப் பெய்தது என்று விஞ்ஞானிகள் சில வாரங்களிலேயே கணக்கிட்டுச் சொல்லிவிட்டார்கள். அச்செய்தி எந்த லயத்துக்குப் போய்ச் சேர்ந்தது?

வித்துராவையே பாருங்கள். இங்கு மருதாமலையில், 2008-இல் தோன்றிய இந்திய விஞ்ஞானக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. இதே வித்துராவின் மலைப்பக்கம், போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில், தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வந்திருக்கின்றன. ஆராய்ச்சியும் லயமும் இவ்வளவு அருகில் இருந்தும் ஒன்றை ஒன்று அறிவது அரிது. இங்கு எந்தப் பொருட்காட்சி வண்டியும் வந்து நிற்கப் போவதில்லை. வித்துராவுக்கு இருப்புப்பாதையே கிடையாது.

ஆகவே சங்கத்தின் ஆண்டு விழாவில் ஒரு மூலையை இதற்கென ஒதுக்கினால் என்ன? இங்கிலாந்தில் எட் ஹாக்கின்ஸ் என்னும் விஞ்ஞானி 2018-இல் ஓர் உபாயம் கண்டார். ஆண்டுக்கு ஒரு வண்ணக் கோடு. குளிர்ந்த ஆண்டு நீலம், வெப்பமான ஆண்டு சிவப்பு. எண்ணும் எழுத்தும் இல்லை. பார்ப்பதற்குப் புடைவைக் கரை போலிருக்கும். நம் மாதர் துணித் துண்டுகளைக் கொண்டே அதைத் தைத்துவிடுவார்கள். இரண்டு தட்டுகளில் மண்ணைச் சரிவாகப் பரப்பி, ஒன்றில் புல் வளர்த்து, மற்றதை வெறுமையாக விட்டு நீரூற்றினால், மண் எப்போது பிடிப்பை இழக்கிறது என்பதைக் குழந்தையும் கண்டுகொள்ளும். மழையை அளக்க நேர்ச்சுவருள்ள தகர டப்பாவும் ஓர் அளவுகோலும் போதும். ஒரே நாளில் 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் வானிலை இலாகாவின் கணக்கில் அது அதி கனமழை. சரிவில் குடியிருப்போர் அதுவரை காத்திராமல் முன்னதாகவே வெளியேறிவிட வேண்டும்.

விளக்கங்கள் தமிழிலும் மலையாளத்திலும் இருக்கட்டும். பேரப் பிள்ளைகளுக்கு மலையாள எழுத்துத் தெரியும், பாட்டிமார்க்குத் தெரியாது.

ஆராய்ச்சி நிறுவனத்து மாணவர்களை வந்து விளக்குமாறு வேண்டிக்கொள்ள எண்ணியுள்ளோம். பழைய மழைக்காலங்களையும் ஓடைகளின் பழைய மட்டத்தையும் நினைவில் வைத்திருக்கும் முதியோர் தம் பெயரைச் சங்கக் காரியதரிசியிடம் கொடுத்தால், அவர்கள் சொல்வதையும் எழுதிச் சுவரில் மாட்டுவோம்.