ஓடச் சொல்லும் முன் நொண்டி ஆடட்டும்

கொல்கத்தாவின் சந்துகளில் சிறுமிகள் ஆடும் ‘கித்கித்’தைப் பார்த்தால், நம்மூர்ப் பாண்டி என்று எவரும் சொல்லிவிடுவார்கள். தரையில் கட்டம், ஓர் ஓட்டுச்சில்லு, ஒற்றைக் கால். நொண்டிக்கொண்டே சில்லை அடுத்த கட்டத்துக்குத் தள்ள வேண்டும். அது கோட்டில் நிற்கக் கூடாது, தூக்கிய காலும் தரையில் படக் கூடாது. கண் அளக்கிறது, கணுக்கால் சமாளிக்கிறது, கை விரிந்து உடம்பைச் சாயாமல் பிடிக்கிறது. உடல் ஒருங்கிணைப்பு என்பது இதுதான்.

ஜெர்மனியில் கிபார்டும் ஷில்லிங்கும் 1974-ல் வெளியிட்ட சோதனை, பிள்ளைகளிடம் இந்தத் திறனை அளக்க இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது. குறுகிய கட்டைமேல் பின்னோக்கி நடப்பது, ஒற்றைக் காலில் தாண்டுவது, இரு காலையும் சேர்த்து 15 விநாடி பக்கவாட்டில் குதிப்பது, பலகை மாற்றி நகர்வது என நான்கே பகுதிகள். பாண்டி ஆடிப் பழகிய பிள்ளைக்கு இதில் பாதி புதிதல்ல.

வயது ஏறினால் இந்தத் திறன் தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. மூளையும் நரம்பும் வளர்வது உண்மை; ஆனால் எறிவதும் பிடிப்பதும் தாண்டுவதும் பழகப் பழகத்தான் வரும். பருவமடையும் முன் பிள்ளைக்குக் கூடும் பலத்தில் பெரும்பங்கு தசை பருப்பதால் வருவதல்ல, நரம்பு தசையை நன்றாக ஏவக் கற்பதால் வருவது. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டாடனும் குழுவினரும் 2008-ல் இன்னொன்றை முன்வைத்தார்கள்: இந்தத் திறனுக்கும் உடற்தகுதிக்கும் சின்ன வயதில் லேசாக இருக்கும் தொடர்பு, வளர வளர இறுகுகிறது. பந்து பிடிக்க வராத பையன் ஆட்டத்திலிருந்து ஒதுங்குகிறான். ஒதுங்குவதால் மூச்சும் பலமும் குறைகின்றன. குறைந்ததால் இன்னும் ஒதுங்குகிறான். அவனைச் சோம்பேறி என்று திட்டுவது அநியாயம்.

ஆட்டத்தால் உடலைப் பழக்குவது வங்கத்துக்குப் புதிய பாடமும் அல்ல. ஐ.சி.எஸ். அதிகாரி குருசதய் தத் 1932-ல் விரதசாரி இயக்கத்தைத் தொடங்கினார். வீர்பூம் பகுதியின் ராய்பேஷே என்னும் வீர நடனம் போன்ற நாட்டுப்புற ஆட்டங்களைப் பாட்டோடு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். தாளத்துக்குக் காலும் கையும் இணைவதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. கொல்கத்தாவின் தென்கோடியில், ஜோக்காவில், அவர் உருவாக்கிய விரதசாரி கிராமம் இருக்கிறது.

ஏழு வயதுப் பிள்ளையை ஒரே விளையாட்டின் கோச்சிங்கில் தள்ளுவதைவிடப் பலவிதமாக ஆடவிடுவதே சரி. 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடல் நன்கு இயங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டில் இருந்தாலும் சென்னையின் மயிலாப்பூரில் இருந்தாலும், பெற்றோரே, அந்த ஒரு மணி நேரத்தை டியூஷனுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.