சேற்றுத் தண்ணீரில் ஓர் இளஞ்சிவப்பு முதுகு

கோல செப்பத்தாங்கில் இரயில் நின்று பல காலமாகிவிட்டது. நிலையத்தின் பெயர்ப் பலகை மட்டும் தெருவோரம் இன்னும் நிற்கிறது. 'போர்ட் வெல்ட்' என்ற பழைய பெயர் அதில் நான்கு வகை எழுத்தில் இருக்கிறது. அவற்றில் ஒன்று தமிழ். மலாயாவின் முதல் இரயில் பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து இங்கேதான் வந்தது. இலங்கையிலிருந்து வந்த தொழிலாளர்கள் போட்ட பாதை அது. பலகையோடு படம் எடுத்துக்கொள்கிறோம், மீ ஊடாங் சாப்பிடுகிறோம், ஈப்போவுக்குத் திரும்பிவிடுகிறோம். பக்கத்திலேயே இருக்கும் ஆற்றுமுகத்தில் யார் வாழ்கிறார்கள் என்று கேட்பதில்லை.

தோட்டத்தில் வளர்ந்த நமக்குக் கடல் என்றால் மாசி மகத்துக்குப் பங்கோர் பத்திரகாளியம்மன் கோயிலுக்குப் படகேறும் நாள்தான். மற்றபடி திமிங்கலமெல்லாம் தொலைக்காட்சியோடு சரி. கூன்முதுகுத் திமிங்கலம் துருவக் கடலில் வயிறு நிறையத் தின்று, கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீந்தி டோங்கா போன்ற வெப்பத் தீவுகளுக்கு வந்து குட்டி போடுகிறது. அரபிக்கடலில் இருப்பவை மட்டும் துருவத்துக்குப் போவதே இல்லை. நூறுகூடத் தேறாத கூட்டம் அது. 2017இல் ஓமானில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட லுபான் என்ற பெண் திமிங்கலம் கடலைக் குறுக்கே கடந்து மன்னார் வளைகுடா வரைக்கும் வந்து போனது.

கோல செப்பத்தாங்கை உள்ளடக்கிய நம் மாத்தாங் கடலோரத்திலும் ஒரு 'கூன்முதுகு' உண்டு. திமிங்கலமல்ல, ஓங்கில். டால்பின் என்றால் எல்லாருக்கும் புரியும். அது எங்கும் வலசை போவதில்லை. ஆழமில்லாத கரையோரமே அதற்கு வீடு. பெயரில்தான் கூன்: மன்னார் வளைகுடாவிலுள்ள அதன் உறவுக்கு முதுகுத் துடுப்பின் அடியில் திமில் போல் மேடிருக்கும், இதற்கு அது எடுப்பாகத் தெரியாது. பிறக்கும்போது கருஞ்சாம்பல். வளர வளர வெளுத்து, கடைசியில் இளஞ்சிவப்பு. அந்தச் சிவப்பு நிறமியல்ல. உடல் சூட்டை வெளியேற்றத் தோலுக்கடியில் பாயும் இரத்தம்.

ஆற்றுமுகத் தண்ணீர் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருக்கும். கையை விட்டால் விரல் தெரியாது. அதற்குள் இந்தப் பிராணி மீன் பிடிக்கிறது. தலைக்குள்ளிருக்கும் காற்றுப் பாதையில் 'டிக் டிக்'கென்று ஒலி எழுப்பி, நெற்றிக் கொழுப்பால் அதைக் குவித்து முன்னே அனுப்பும். மீனில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கீழ்த்தாடை வாங்கிக் காதுக்குக் கொண்டுபோகும். தாடையால் கேட்கும் பிராணி! இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை.

லூயிசா பொன்னம்பலமும் சக ஆய்வாளர்களும் நடத்தும் 'மாரேசெட்' அமைப்பு இங்கே பல ஆண்டுகளாக இந்த ஓங்கில்களைக் கணக்கெடுத்துவருகிறது. துடுப்பிலுள்ள வெட்டுகளையும் தழும்புகளையும் படமெடுத்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் காண்கிறார்கள். ஐராவதி ஓங்கிலும் துடுப்பில்லாக் கடற்பன்றியும் இதே நீரில் வாழ்கின்றன. சுமார் 40,000 ஹெக்டேர் சதுப்புநிலக் காடு பின்னால் இருப்பதால்தான் இவற்றுக்கு இரை கிடைக்கிறது. மீனும் இறாலும் குஞ்சாக வளர்வது அந்த வேர்களுக்கிடையில்தான்.

ஆபத்து செவுள்வலையில் இருக்கிறது. ஓங்கில் நம்மைப் போல் நுரையீரலால் மூச்சு விடுவது. வலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூச்சுத் திணறியே செத்துவிடும். தாய் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும், அதுவும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை. ஒன்று போனால் ஈடுகட்ட நாளாகும்.

பார்க்கப் போகிறவர்கள் படகோட்டியிடம் துரத்த வேண்டாமென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தூரத்திலேயே இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். முதலில் காதில் விழுவது மூச்சுதான், சைக்கிள் டயரில் காற்றைத் திறந்துவிட்டாற்போல் 'புஸ்' என்று. திரும்புவதற்குள் ஒரு சிவந்த முதுகு, அதை ஒட்டி ஒரு சின்னச் சாம்பல் முதுகு. பிறகு பழுப்புத் தண்ணீர்தான்.