சுழலும் வளையம் சொல்லும் நேரம்

காலை 10 மணி 47 நிமிடத்திற்கு ஒரு வேலை தொடங்கியது. இப்போது மணி 11.05. எத்தனை நிமிடங்கள் கழிந்திருக்கின்றன? 18 என்று உடனே சொல்லிவிடுவீர்கள். நல்லது. இதே கணக்கைக் கபடி ஆடுகளத்தின் ஓரத்தில் கூச்சலுக்கு நடுவே நின்றுகொண்டு போட வேண்டுமானால்? கடலில் 20 மீட்டர் ஆழத்தில், காற்றுக் குழாயைப் பல்லால் கவ்விக்கொண்டு போட வேண்டுமானால்? அங்கே ஒரு கழித்தல் கணக்குத் தவறுவது எளிது. அதன் விளைவு உயிரையே பறிக்கலாம்.

இந்தக் கணக்கை மனிதனுக்குப் பதிலாகப் போட்டுத் தருகிறது ஒரு வளையம். சில கைக்கடிகாரங்களில் கண்ணாடியைச் சுற்றி, விரலால் திருகக்கூடிய உலோக வளையம் ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பெசல் என்று பெயர். அழகுக்காக வைத்தது என்றே பலர் எண்ணுகின்றனர். அதன் மேல் 10, 20, 30, 40, 50 என்ற எண்களும், பூச்சியம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முக்கோணமும் இருக்கும்.

வேலை தொடங்கும்போது வளையத்தைத் திருகி, முக்கோணத்தை நிமிட முள்ளின் நுனிக்கு நேரே நிறுத்துங்கள். அவ்வளவுதான். பிறகு எப்போது பார்த்தாலும், நிமிட முள் வளையத்தில் எந்த எண்ணைக் காட்டுகிறதோ அதுவே கழிந்த நிமிடம். நிமிட முள் ஒரு நிமிடத்திற்கு 6 பாகை நகர்கிறது. 47ஆம் நிமிடத்திலிருந்து அடுத்த மணியின் 5ஆம் நிமிடம் வரை அது நகர்ந்த கோணம் 108 பாகை. 108ஐ 6ஆல் வகுத்தால் 18. நாம் செய்தது வேறொன்றுமில்லை. பூச்சியத்தை நமக்கு வசதியான இடத்திற்கு இழுத்துக்கொண்டோம். வரைபடத் தாளில் ஆதிப்புள்ளியை இடம் மாற்றுகிறீர்களே, அதே தந்திரம்.

நம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும்போது, சோடா சேர்த்த பிறகு 60 டிகிரி வெப்பத்தில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஓடவிடுவது வழக்கம். நேரம் குறைந்தால் சாயம் சரியாகப் பிடிக்காது. பெரிய இயந்திரங்களில் இன்று இந்த வேலையைத் தானியங்கிக் கருவியே பார்த்துக்கொள்கிறது. கையால் மாதிரிச் சாயம் போட்டுப் பார்ப்பவருக்கு நான் இந்த வளையத்தைத்தான் சிபாரிசு செய்வேன். ஈரக் கையோடு பொத்தான் எதையும் அழுத்த வேண்டியதில்லை.

இப்போது கடலுக்கு வருவோம். 1953ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பிளாங்பேன் நிறுவனம் முக்குளிப்போருக்கான கடிகாரம் ஒன்றை வெளியிட்டது. அந்நிறுவனத்தின் தலைவர் ழான்-ழாக் ஃபீஷ்தேர் தாமே முக்குளிப்பவர். நீருக்கடியில் நேரம் போனது தெரியாமல், காற்றுத் தீரும் நிலைக்கு ஒருமுறை வந்துவிட்டார். அந்த அனுபவத்தின் விளைவே அக்கடிகாரம். அதற்கு அவர் வைத்த பெயர் ஃபிஃப்டி ஃபாதம்ஸ். ஃபாதம் என்பது 6 அடி; இரு கைகளையும் விரித்தால் வரும் நீளம். நம் கடற்கரை மீனவர்கள் ஆழத்தைச் சொல்லும் ‘பாகம்’ இதுவேதான். ஆக அது ‘ஐம்பது பாகக் கடிகாரம்’. ஏறத்தாழ 91 மீட்டர்.

நீருக்கடியில் நேரம் ஏன் அவ்வளவு முக்கியம்? பாயில் விதியைப் படித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டலம் கூடுகிறது. 20 மீட்டரில் மொத்தம் 3 வளிமண்டல அழுத்தம். நெஞ்சு நிறைய ஒருமுறை மூச்சிழுத்தாலும், உருளையிலிருந்து மும்மடங்கு காற்றுச் செலவாகும். 10 லிட்டர் உருளையில் 200 வளிமண்டல அழுத்தத்தில் காற்று அடைத்திருந்தால், அது மேற்பரப்பு அளவில் 2,000 லிட்டர். நான்கில் ஒரு பங்கைக் கையிருப்பாக விட்டுவிட்டால் மீதி 1,500. நிமிடத்திற்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்குக் கரையில் இது 75 நிமிடம் வரும். 20 மீட்டர் ஆழத்தில் 25 நிமிடந்தான். 30 மீட்டரில் 19 நிமிடங்கூட வராது. மேலும், அதிக நேரம் ஆழத்தில் தங்கினால் குருதியிலும் திசுக்களிலும் நைட்ரஜன் மிகுதியாகக் கரைந்து, மேலே வரும்போது குமிழிகளாகி ஆளை முடக்கும். மூச்சடக்கி முத்துக்குளித்த தூத்துக்குடிக்காரர்களுக்கு இந்தக் கணக்குத் தேவைப்படவில்லை. அவர்களுடைய நெஞ்சே கடிகாரம்.

சரி, வளையம் பாறையிலோ படகிலோ இடித்துச் சற்று நகர்ந்துவிட்டால் என்ன ஆகும்? இங்கேதான் என்னை மிகவும் கவர்ந்த ஏற்பாடு இருக்கிறது. முக்குளிப்போர் கடிகாரங்கள் பலவற்றில் வளையம் இடஞ்சுழியாக மட்டுமே சுழலும். அதாவது முட்கள் ஓடும் திசைக்கு எதிராக. யோசித்துப் பாருங்கள். முக்கோணம் பின்னோக்கி நகர்ந்தால், அதற்கும் நிமிட முள்ளுக்கும் உள்ள இடைவெளி கூடும். உண்மையில் 15 நிமிடம் ஆகியிருக்கும்போது வளையம் 18 என்று காட்டும். முக்குளிப்பவர் மூன்று நிமிடம் முன்னதாகவே மேலே வந்துவிடுவார். நட்டம் மூன்று நிமிட வேடிக்கை மட்டுமே. எதிர்த்திசையில் நகர்ந்திருந்தால் 12 என்று காட்டும். அவர் மூன்று நிமிடம் கூடுதலாகத் தங்கிவிடுவார். பிழையே நேராத கருவி கிடையாது. ஆனால் பிழை நேர்ந்தாலும் எந்தப் பக்கம் நேர வேண்டும் என்பதை அமைப்பவர் தீர்மானிக்க முடியும்.

இதைச் செய்யும் பொறி உங்கள் சைக்கிளிலேயே இருக்கிறது. பின்சக்கரத்து ஃப்ரீவீலில், ரம்பப் பல் போன்ற சரிந்த பற்களின் மேல் ஒரு நாக்கு வில்லால் அழுத்தப்பட்டிருக்கும். ஒரு திசையில் நாக்கு வழுக்கி டிக், டிக் என ஒலிக்கும். மறு திசையில் பல்லில் மாட்டிக்கொள்ளும். வளையத்தின் அடியில் இதே ஏற்பாடுதான். சுற்றுக்கு 60 பற்கள் இருந்தால் ஒரு டிக் ஒரு நிமிடம். 120 என்றால் அரை நிமிடம். 1953ஆம் ஆண்டுப் பிளாங்பேன் கடிகாரத்தில் வழி வேறாக இருந்தது: வளையத்தை அழுத்தினால்தான் அது சுழன்றது. முக்குளிப்போர் கடிகாரங்களுக்கான பன்னாட்டுத் தரமாகிய ஐ.எஸ்.ஓ. 6425, நேரங்குறிக்கும் அமைப்புத் தற்செயலாக நகராதபடி காக்கப்பட வேண்டும் என்று கூறுகிறது. இன்று முக்குளிப்போர் மணிக்கட்டில் சிறு கணிப்பொறியே வந்துவிட்டது. ஆயினும் மின்கலம் தீர்ந்தால் உதவட்டும் என்று வளையக் கடிகாரத்தையும் கட்டிக்கொண்டு இறங்குவோர் உண்டு.

கடலில் காப்பாற்றும் இந்தக் குணம் ஆடுகளத்தில் தொல்லையாகிவிடுகிறது. கபடியில் ஒரு பாதி 20 நிமிடம். ஒருவருக்கு அடிபட்டு ஆட்டம் 2 நிமிடம் நின்றது என்க. அந்த இரண்டைக் கழிக்க முக்கோணத்தை 2 நிமிடம் முன்னே தள்ள வேண்டும். வளையமோ பின்னோக்கி மட்டுமே போகும். ஆகவே 58 டிக் சுற்றி அதே இடத்திற்கு வர வேண்டும்! நடுவருக்கு இருபுறமும் சுழலும் வளையமே ஏற்றது. முக்கோணத்தை ஆட்டம் முடிய வேண்டிய நிமிடத்தில் வைத்து, மீதி நேரத்தை எண்ணுவோரும் உண்டு. அதற்கென்றே எண்களைத் தலைகீழாகப் பொறித்த வளையங்கள் வருகின்றன.

இதை வைத்து 100 மீட்டர் ஓட்டத்தையும் அளக்கலாமா என்று கேட்காதீர்கள். கருவியின் மீச்சிற்றளவைப் பாருங்கள். வளையத்தைப் படிப்பதில் அரை நிமிடப் பிழை நேரலாம். 45 நிமிடக் கால்பந்துப் பாதியில் அது ஒரு விழுக்காட்டுக்குச் சற்றே அதிகம், பரவாயில்லை. 12 வினாடி ஓட்டத்தில் அது கேலிக்கூத்து. அங்கே நிறுத்து கடிகாரந்தான் வேண்டும். வளையத்திற்கு இன்னொரு குறையும் உண்டு: 10 நிமிடமும் 70 நிமிடமும் அதில் ஒன்றுபோலவே தெரியும்.

கார்ப் பந்தயக் கடிகாரங்களின் வளையத்தில் எண்கள் 60, 80, 120 என ஏறுமாறாக இருக்கும். அது வேகமானி அளவுகோல். ஒரு கிலோமீட்டர் கடக்க ஆன வினாடிகளால் 3,600ஐ வகுத்து எழுதிய விடைகளே அவை: 45 வினாடிக்கு நேரே 80, 30க்கு நேரே 120. கோவையை அடுத்த செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு சுற்று ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர். அதை ஒரு கார் 60 வினாடியில் முடித்தால் முள் காட்டும் 60ஐ 2.1ஆல் பெருக்குங்கள், மணிக்கு 126 கிலோமீட்டர்.

கடையில் வாங்கித்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. வீட்டு அலாரக் கடிகாரத்தின் முகப்பைச் சுற்றிப் பொருந்துமாறு அட்டையில் ஒரு வளையம் வெட்டுங்கள். கோணமானியால் 6 பாகைக்கு ஒரு கோடாக 60 கோடுகள் இட்டு, ஓரிடத்தில் முக்கோணம் வரையுங்கள். அடுத்த முறை அம்மா இட்லி ஊற்றி வைத்ததும் முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேரே திருப்பிவிடுங்கள். பிறகு இன்னொரு கேள்விக்கு விடை தேடுங்கள்: நிமிட முள்ளுக்குப் பதில் மணி முள்ளோடு சேர்த்துப் பயன்படுத்த வேண்டுமானால், அந்த வளையத்தில் எத்தனை எண்கள் எழுத வேண்டும்? குளிர்காலத்தில் நமக்கு ஐந்தரை மணி பின்தங்கியிருக்கும் இலண்டன் நேரத்தை அதில் காண, முக்கோணத்தை எங்கே நிறுத்த வேண்டும்?