ஒப்புக்கொள்ளுமுன் ஒரு கேள்வி

சந்தவாசல் முதல் சென்னை வரை, பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பியுள்ள பெற்றோர் அனைவரும் அறிய வேண்டிய வழக்கு இது.

ஹோண்டுராஸில் பிறந்த ஹோசே பாடில்லா, அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமையுடன் நாற்பதாண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தவர்; வியட்நாம் போரில் அந்நாட்டுக்காகப் பணியாற்றியவர். லாரியில் கஞ்சா கடத்திய வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நெடுங்காலம் வாழ்ந்துவிட்டதால் நாடுகடத்தலைப் பற்றிக் கவலை வேண்டா என்று வழக்கறிஞர் கூறியதை நம்பியே அவ்வாறு செய்ததாகப் பின்னர் முறையிட்டார். சட்டமோ வேறு விதமாக இருந்தது. அக்குற்றத்திற்கு நாடுகடத்தல் ஏறக்குறைய உறுதி.

2010 மார்ச் 31 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: ஒப்புதல் வாக்குமூலத்தால் நாடுகடத்தல் நேருமாயின், அதனைக் கட்சிக்காரருக்கு எடுத்துரைப்பது வழக்கறிஞரின் கடமை. குற்றவியல் சட்டத்தையும் குடியேற்றச் சட்டத்தையும் ஒருங்கே கற்ற வழக்கறிஞர்கள் தேவைப்படுவது இதனாலேயே. 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையும் அங்கே குடியேற்ற விஷயத்தில் தண்டனையாகவே கணக்கிடப்படும்.

சிறைவாசம் சில மாதங்களில் முடியலாம். நாடுகடத்தலோ தந்தையையும் பிள்ளைகளையும் ஆயுளுக்கும் பிரித்துவிடக் கூடும்.

ஆகவே, அயல்நாட்டில் வழக்கில் சிக்கியவர், “சீக்கிரம் வெளியே வரலாம்” என்னும் சொல்லுக்கு மயங்கிக் கையொப்பமிடலாகாது. “இதன்பின் இந்நாட்டில் தங்க இயலுமா?” என்று முதலில் கேட்க வேண்டும். தம் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்குமாறு கோரும் உரிமையை 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை வழங்கியுள்ளது. பயணம் புறப்படும் பிள்ளைக்குப் பெற்றோர் சொல்லியனுப்ப வேண்டிய செய்தி இது.